இரவல் பலம்: ஈரானிய அஸர்பைஜானில் அந்நிய சைன்யமும் உள்ளூர் அரசியலும், 1941–1946

ஒரு மாகாணத்தை அந்நிய சைன்யம் தன் வசம் வைத்திருக்கும் காலத்தில் அங்கே தலையெடுக்கும் அரசியல் இயக்கம் எதுவாயினும், அது அந்தச் சைன்யத்தின் நிழலே என்று முடிவு கட்டுவது சரித்திராசிரியருக்குச் சுலபமான காரியம்; அது மண்ணிலிருந்து தானாக முளைத்த ஜனசக்தி என்று கொண்டாடுவதும் அதே அளவுக்குச் சுலபம். ஈரானின் வடமேற்கு மூலையில் தப்ரீஸைத் தலைநகராகக் கொண்டு, 1945 டிசம்பர் முதல் 1946 டிசம்பர் வரை ஓராண்டே நீடித்த அஸர்பைஜான் சுயாட்சி சர்க்காரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இவ்விரண்டு வகைக்குள் அடங்கிவிடும். டெஹ்ரானின் பார்வையில் அது மாஸ்கோ ஆட்டுவித்த பொம்மை. ஸோவியத் அஸர்பைஜானின் தலைநகரான பாக்கூவின் பார்வையில் அது தேசிய விடுதலை. இரு கட்சிக்கும் தக்க சான்று உண்டு என்பதுதான் இதிலுள்ள சிக்கல். தப்ரீஸின் மனக்குறைகளை அந்நிய பலம் சிருஷ்டிக்கவில்லை. ஆனால் அக்குறைகளை எடுத்துக்கொண்டு தம் அண்டை அயலாரோடும் தலைநகரோடும் பேசித் தீர்க்க வேண்டிய நிர்ப்பந்தத்தை அது உள்ளூர்த் தலைவர்களிடமிருந்து நீக்கிவிட்டது. இயக்கத்தின் வேகம், வீழ்ச்சி ஆகிய இரண்டுக்கும் மூலகாரணம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

தப்ரீஸுக்கு ருஷ்ய சைன்யம் புதிதன்று. 1906ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தை ஷா குலைக்க முற்பட்டபோது, ஸத்தார் கானும் பாக்கர் கானும் தலைமை தாங்க, பல மாத முற்றுகையைத் தாங்கிக்கொண்டு அச்சட்டத்தைக் காப்பாற்றிய நகரம் அது. 1909 ஏப்ரலில், பஞ்சத்தால் வாடிய அந்நகரின் முற்றுகையை நீக்கியது ருஷ்ய சைன்யமே. 1911 டிசம்பர் இறுதியில், முஹர்ரம் துக்க தினத்தன்று, நகரத்தின் மதிப்புக்குரிய மதகுருவான ஸிகத்துல் இஸ்லாமைத் தூக்கிலிட்டதும் அதே சைன்யந்தான். பின்னர் ரேஸா ஷாவின் இருபதாண்டு ஆட்சியில் தப்ரீஸ் தன் ஸ்தானத்திலிருந்து படிப்படியாக இறங்கியது. வீட்டிலும் கடைவீதியிலும் துருக்கி பேசும் ஜனங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாரசீகம் மட்டுமே பேச வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மாகாணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1938இல் முடிந்த பெரிய இருப்புப்பாதை பாரசீக வளைகுடாவையும் காஸ்பியன் கடலையும் டெஹ்ரான் வழியாக இணைத்ததேயன்றித் தப்ரீஸை எட்டவில்லை. ருஷ்யாவோடு நடந்த பழைய வர்த்தகம் அரசாங்கங்களுக்கு இடையிலான காரியமாகிவிட, வியாபாரிகள் டெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்தனர். அரசியல் சட்டம் வாக்களித்திருந்த ‘அஞ்சுமன்’ என்னும் மாகாண சபைகளோ ஏட்டளவிலேயே நின்றன. இக்குறைகளில் ஒன்றேனும் மாஸ்கோவில் தயாரானதன்று.

1941 ஆகஸ்ட் 25ஆம் தேதி வடக்கிலிருந்து ஸோவியத் படைகளும், இந்தியத் துருப்புகளைப் பெரிதும் கொண்ட பிரிட்டிஷ் படைகளும் ஈரானுக்குள் நுழைந்தன. மூன்று வாரங்களில் ரேஸா ஷா முடிதுறந்தார். யுத்தம் முடிந்த ஆறு மாதத்துக்குள் படைகள் வெளியேறும் என்று 1942 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இனி, அந்நியச் செல்வாக்கு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவதைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். தப்ரீஸுக்கு வந்த ஸோவியத் அதிகாரம் ஒன்றன்று, இரண்டு. பாக்கூவில் அதிகாரம் செலுத்திய மீர் ஜாஃபர் பாகிரோவுக்கு அராஸ் நதியின் தென்கரை, 1828ஆம் ஆண்டின் துர்க்மன்சாய் உடன்படிக்கையால் பிரிந்துபோன உடன்பிறப்பின் வீடு. அவர் அனுப்பிய ஆட்கள் 1941 முதலே அங்கே வேலை செய்தனர். செஞ்சேனை தப்ரீஸில் நடத்திய ‘வதன் யோலுந்தா’ என்ற துருக்கிமொழிப் பத்திரிகை, பள்ளிக்கூடம் மறுத்த எழுத்தை வாசகரின் கையில் கொடுத்தது. மாஸ்கோவுக்கோ இந்தக் கலாசார உற்சாகம் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மடையாகவே இருந்தது; யுத்தத்தின் நடுவில் நேசநாடுகளின் மனம் கோணாதிருக்கும் பொருட்டு அதை மூடியும் வைத்தது.

மடை திறந்தது எண்ணெயினால். 1944 இலையுதிர் காலத்தில் வட ஈரானின் எண்ணெய் உரிமை வேண்டுமென்று கவ்தரத்ஸே என்ற ஸோவியத் தூதர் வந்து கேட்டார். அந்நியப் படை நாட்டில் இருக்கையில் இப்பேச்சுக்கே இடமில்லை என்று மந்திரிசபை மறுத்தது. டிசம்பர் 2ஆம் தேதி, பாராளுமன்ற அங்கத்தினர் முஸத்திக் கொண்டுவந்த மசோதா, எண்ணெய் உரிமை பற்றி அந்நியரோடு மந்திரிகள் பேரம் பேசுவதையே குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு, 1945 ஜூலை 6ஆம் தேதி, மாஸ்கோவின் உச்ச அரசியல் குழு ரகசியத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ஸோவியத் ஆட்சி மறைந்தபின் பாக்கூவின் ஆவணச் சாலையிலிருந்து வெளிவந்த அத்தீர்மானத்தின் தலைப்பிலேயே ‘பிரிவினை இயக்கம்’ என்ற சொல் இருக்கிறது. ஜனநாயகக் கட்சி ஒன்று அமைக்க வேண்டும், அதற்குத் தூதே என்ற ஈரானிய இடதுசாரிக் கட்சியின் அஸர்பைஜான் கிளையை உருமாற்ற வேண்டும், ஆயுதக் குழுக்களுக்கு அந்நிய நாட்டுத் தயாரிப்பான துப்பாக்கிகளையே கொடுக்க வேண்டும் என்பது வரை அதில் திட்டம் உண்டு. பொம்மை என்று வாதிப்போருக்கு இதைவிட உறுதியான சாட்சியம் கிடைப்பது அரிது.

ஆனால் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்த மனிதரைப் பார்க்க வேண்டும். ஸய்யித் ஜாஃபர் பீஷவரியின் இயற்பெயரும் மீர் ஜாஃபரே. பிளாஸி யுத்தத்தின் பின் அப்பெயர் நம் நாட்டில் துரோகத்துக்கு மறுபெயராகிவிட்டதால், தீர்ப்பைப் பெயரிலேயே படித்துவிட நமக்கு ஆசை எழக்கூடும். அவரோ கல்கால் பகுதியில் பிறந்து, பாக்கூவில் வளர்ந்து, 1920இல் கீலான் சோஷலிஸக் குடியரசில் உள்நாட்டு இலாகாவை வகித்து, ரேஸா ஷாவின் சிறையில் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தவர். விடுதலைக்குப் பிறகு பிரிவினை பேசாமல் டெஹ்ரானிலேயே ‘ஆஷிர்’ என்ற பாரசீகப் பத்திரிகை நடத்தினார். தப்ரீஸின் வாக்காளர்களால் மஜ்லிஸ் என்னும் ஈரானியப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944இல் அந்த மஜ்லிஸ் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவருடைய அங்கத்தினர் தகுதியை நிராகரித்தது. தலைநகரின் வாசலைத் தட்டி உள்ளே வரப் பார்த்த ஒருவரின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அவர் பின்வாசலுக்குப் போனார் என்று குறை சொல்வதில் நியாயம் பாதிதான்.

1945 செப்டம்பர் 3ஆம் தேதி அஸர்பைஜான் ஜனநாயகக் கட்சியின் பிரகடனம் வெளியாயிற்று. மக்கள் அதை ‘ஃபிர்க்கா’ என்றே அழைத்தனர். நம் வருவாய் இலாகாவில் பிர்க்கா என்று வழங்கும் அதே அரபுச் சொல். ஈரானின் ஒருமைக்குள் சுயாட்சி, பள்ளிகளில் தாய்மொழி, மாகாணத்தின் வரியை மாகாணத்திலேயே செலவிடுதல் என்ற அதன் கோரிக்கைகளில் பெரும்பாலானவை அரசியல் சட்டத்தை ஒட்டியவை. சில நாட்களுக்குள் தூதே கட்சியின் தப்ரீஸ் கிளை, டெஹ்ரான் தலைமையைக் கேளாமலே புதுக் கட்சியில் கரைந்தது. ஈரான் முழுவதும் கிளை பரப்பிய ஒரு ஸ்தாபனத்தின் உறவையும், அரசியல் சட்டத்தில் பற்றுள்ள தலைநகரத்து மிதவாதிகளின் அனுதாபத்தையும் ஒரே வாரத்தில் உதறிவிட ஃபிர்க்காவுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். நவம்பரில், ஃபிர்க்காவின் கலகத்தை அடக்க டெஹ்ரானிலிருந்து புறப்பட்ட படையைக் கஸ்வீனுக்கு அருகே ஷரீஃபாபாத்தில் செஞ்சேனை தடுத்து நிறுத்தியது. அந்த ஒரு தடுப்பு தப்ரீஸில் நூறு பேச்சுவார்த்தைகளை அநாவசியமாக்கிற்று. டிசம்பர் 12ஆம் தேதி, ஈரானியப் பஞ்சாங்கப்படி ஆஸர் மாதம் 21ஆம் நாள், அஸர்பைஜானின் தேசிய சபை கூடியது; பீஷவரி பிரதம மந்திரியானார்.

அந்த ஓராண்டில் தப்ரீஸில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது, வானொலி பேசிற்று, தெருக்களுக்குத் தார் போடப்பட்டது, துருக்கி ஆட்சிமொழியாயிற்று, பெண்கள் வாக்களித்தனர் (ஈரான் முழுமைக்கும் அவ்வுரிமை வர 1963 ஆயிற்று), அரசாங்க நிலமும், மாகாணத்தை விட்டு ஓடி எதிர்ப்புப் பிரசாரம் செய்த ஜமீன்தார்களின் நிலமும் குடியானவர்களுக்குப் பங்கிடப்பட்டன. பின்னாளில் அப்பிரதேசத்தில் யாத்திரை செய்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், கம்யூனிஸத்தில் சிறிதும் அனுதாபமில்லாதவர், பீஷவரியின் சீர்திருத்தங்களுக்கு ஜன ஆதரவு இருந்ததை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் எதிர்ப்பாளரை இணக்கிக்கொள்ளும் வித்தையை அந்த சர்க்கார் கற்கவேயில்லை. மதகுருமார், மிச்சமிருந்த வியாபாரிகள், ஷாஹ்ஸவான் முதலிய குலத்தலைவர்கள் ஆகியோரை வசப்படுத்த ஒரு மாகாண ஆட்சி படவேண்டிய பாட்டைச் செஞ்சேனையின் சந்நிதானம் அதற்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது.

இவ்விடத்தில் கதை தப்ரீஸை விட்டு அஹமத் கவாமின் மேஜைக்குப் போகிறது. 1906இல் அரசியல் சட்டம் வழங்கிய ஷாவின் ஆணையைத் தம் அழகிய கையெழுத்தில் எழுதியவர் என்று பெயர்பெற்ற இந்தக் கிழப் பிரபு, 1946 ஜனவரியில் பிரதமரானார். ஸோவியத் படை பரவியிருந்த கீலானில் அவருக்குத் தேயிலைத் தோட்டங்கள் இருந்ததால், மாஸ்கோ அவரை இணக்கமான மனிதர் என்று எண்ணியது. படை வெளியேறக் கெடுவான மார்ச் 2ஆம் தேதி கடந்தும் செஞ்சேனை அசையவில்லை. ஈரானின் புகார் ஏற்கெனவே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் இருந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி கவாம் ஸோவியத் தூதரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்: நூற்றுக்கு 51 பங்கு ஸோவியத்துக்கும் 49 பங்கு ஈரானுக்குமாக ஒரு கூட்டு எண்ணெய்க் கம்பெனி, ஏழு மாதத்துக்குள் மஜ்லிஸின் அங்கீகாரம். நுட்பம் இந்தக் கடைசி ஷரத்தில் இருந்தது. பழைய மஜ்லிஸின் காலம் முடிந்துவிட்டது. அந்நியப் படை உள்ளவரை புதிய தேர்தல் கூடாதென்று அது முன்பே சட்டம் செய்திருந்தது. ஆகவே எண்ணெய் வேண்டுமானால் மஜ்லிஸ் வேண்டும். மஜ்லிஸ் வேண்டுமானால் தேர்தல் வேண்டும். தேர்தல் வேண்டுமானால் படை போகவேண்டும். மே மாதத் தொடக்கத்தில் படை போய்விட்டது.

மே 8ஆம் தேதி பீஷவரிக்கு ஸ்டாலின் எழுதிய கடிதம் இப்போது படிக்கக் கிடைக்கிறது. ஈரானில் புரட்சிக்கேற்ற நிலைமை இல்லை, செஞ்சேனை அங்கே தங்கினால் மற்ற நாடுகளிலிருந்து பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளை வெளியேறச் சொல்லும் வாதம் பலவீனப்படும் என்று ஆசிரியர் மாணாக்கனுக்குச் சொல்வதுபோல் அதில் விளக்கப்படுகிறது. தம்மை வானளாவ உயர்த்திப் பின் பாதாளத்தில் தள்ளிவிட்டார்கள் என்று பீஷவரி மனம் நொந்த செய்தி ஸ்டாலினுக்கும் எட்டியிருந்ததென்று அக்கடிதமே காட்டுகிறது. பொம்மைக்கு மனக்கசப்பு வருவதில்லை, பீஷவரிக்கு வந்தது.

இரவல் பலமே இயக்கத்தைக் கெடுத்தது என்ற என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. படை போனபின், ஜூன் 13ஆம் தேதி, கவாம் தப்ரீஸோடு செய்த உடன்பாட்டில் தேசிய சபை மாகாண அஞ்சுமன் ஆயிற்று. வருவாயில் நூற்றுக்கு 75 பங்கு மாகாணத்துக்கே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஃபிர்க்காவின் மந்திரியான ஜாவித் மத்திய சர்க்காரின் கவர்னராக நியமனம் பெற்றார். இரவல் பலம் இல்லாமல் டெஹ்ரான் இவ்வளவு கொடுத்திருக்குமா என்று கேட்கலாம். கொடுத்திராது, அரசியல் சட்டமே சொன்னதை நாற்பதாண்டு கொடுக்காத தலைநகரம் அது. எனினும் மாஸ்கோவின் எண்ணெய் ஆசை உயிரோடிருந்த மட்டும் நிலைத்த அந்த உடன்பாட்டைக் காப்பாற்ற, தப்ரீஸுக்கு வெளியே ஃபிர்க்காவின் பக்கம் நிற்க ஒரு நேசக்கரம் இல்லை. அந்நியச் செல்வாக்கு என்பது தப்ரீஸுக்கு மட்டும் உரிய களங்கமும் அன்று. ஈரானின் போலீஸ் காவற்படையை அமெரிக்கக் கர்னல் ஷ்வார்ட்ஸ்காஃப் பயிற்றுவித்தார். நிதி இலாகாவை மில்ஸ்பா என்ற அமெரிக்கர் 1945 வரை நிர்வகித்தார். தெற்கில் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியின் கை நீளாத இடமில்லை. கவாமும் இரவல் வாங்கியவரே. ஆனால் பல கடைகளில் வாங்கினார், ஒருவரிடமே கடன்படவில்லை.

தேர்தலை மேற்பார்வையிட என்று சொல்லி டிசம்பரில் மத்திய சர்க்காரின் படை வடக்கே நகர்ந்தது. பாக்கூவிலிருந்து வந்த யோசனை எதிர்க்க வேண்டாம் என்பதே. சண்டை என்று சொல்லத்தக்கது நடக்கவில்லை. படை வந்து சேருமுன்பே தப்ரீஸின் தெருக்களில் ஃபிர்க்காவினர் வேட்டையாடப்பட்டனர். பல்லாயிரம் பேர் அராஸைக் கடந்தனர். பீஷவரி 1947இல் ஸோவியத் அஸர்பைஜானில் மோட்டார் விபத்தில் இறந்தார். அக்டோபர் 22ஆம் தேதி புதிய மஜ்லிஸ் எண்ணெய் ஒப்பந்தத்தை 102 வாக்குக்கு 2 வாக்காக நிராகரித்தது. 1945இல் சுயாட்சி பிறந்த அதே ஆஸர் 21, மாகாணம் மீட்கப்பட்ட நாளாக ஷாவின் காலம் முடிய அரசாங்க விழாவாயிற்று. தாய்மொழிப் பள்ளிக்கூடம் கேட்பதும் அஞ்சுமன் கேட்பதும் அந்நாள்முதல் அந்நியன் குரலாகக் காதில் விழுந்தன. பல்கலைக்கழகம் மட்டும் 1947இல் மறுபடி திறந்தது, டெஹ்ரானின் ஸ்தாபனமாக, பாரசீகத்தில்.