வண்டி இழுக்குது: பாராட்டா, புகாரா?

ஓசூர் சிப்காட் பக்கம் டீக்கடையில் நின்னா, டூவீலர் பேச்சு காதில் விழாம இருக்காது. இந்த ஊரிலேயே தயாராகுற பொருளாச்சே. "மேட்டுல கூட நல்லா இழுக்குது" என்றால் பாராட்டு. "பிரேக் பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குது" என்றால் புகார். "சர்வீஸ்ல விட்டேன், இழுத்துக்கிட்டே போகுது" என்றால் தாமதம். சொல் ஒண்ணுதான். ஆயிரக்கணக்கான விமர்சனங்களைப் படிக்கிற கம்ப்யூட்டர் இதை எப்படிப் பிரிக்கும்?

சிக்கல் பழசுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். அதில் 11-ஆவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே இருக்கு.

1985-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் குழு 'வேர்ட்நெட்' வேலையைத் தொடங்கியது. இது எழுத்து வரிசையில் அடுக்காமல், பொருள் வாரியாகச் சொற்களைச் சேர்த்த அகராதி. அதன்மேல் 2006-இல் இத்தாலியின் எசுலி, செபாஸ்டியானி இருவரும் 'சென்டிவேர்ட்நெட்' கட்டினார்கள். மார்க் சொல்லுக்கு இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி: நல்லது, கெட்டது, நடுநிலை. மூன்றையும் கூட்டினால் 1 வரணும்.

இந்தியாவில் 2010-இல் அமிதவ தாஸும் சிவாஜி பந்தோபாத்யாயும் வங்காளம், இந்தி, தெலுங்குக்கு இந்த வழியில் பட்டியல் தயாரித்தார்கள். தமிழில் யூடியூப் கமெண்டுகள் கைகொடுத்தன. 2020-இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 கமெண்டுகளை ஆட்களே படித்து, பாராட்டா, எதிர்ப்பா, இரண்டும் கலந்ததா எனக் குறித்த தொகுப்பு வெளியானது.

ஏன் ஆட்கள் வேணும்? "விலை குறைவு" சந்தோஷம், "மைலேஜ் குறைவு" வருத்தம். இங்கே 'குறைவு' என்பதன் பொருள்கூட மாறலை. எதைப் பற்றிய பேச்சு என்பதுதான் மாறுது. பட்டியல் மட்டும் இதைப் பிடிக்காது. ஓசூர் மாதிரி எல்லை ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'சூப்பர்' என்பதற்குக் கன்னடத்தில் சொல்ற 'சகத்' தமிழ் வாக்கியத்துக்குள்ள வந்தா, தமிழ்ப் பட்டியலுக்கு அது அந்நியம்.

இது வெறும் மொழி விளையாட்டு இல்லைங்க. பிரேக் இழுக்குதுன்னு ஒருத்தர் எழுதினதைக் கம்ப்யூட்டர் பாராட்டுக் கணக்கில் சேர்த்தால், அந்தப் புகார் யார் கண்ணிலும் படாது. வண்டி மட்டும் ரோட்டில் ஓடிக்கிட்டே இருக்கும்.