வெள்ளாவிப் பானையை ஏற்றிய கை

சூரமங்கலம் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது பரணிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி இறங்கும். பக்கவாட்டில் காற்றுத் துளைகள், மேலே மரக் கைப்பிடி, உள்ளே சாம்பல். கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அடி கரிந்த அகலவாய்ப் பானை கிடைத்தால்? வெள்ளாவிப் பானையாக இருக்கலாம். உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளை அதன்மேல் அடுக்கி ஆவியில் அவிப்பார்கள். பழந்துணியின் ஓரத்தில் அழியாத கறுப்புக் குறி இருந்தால், அது சேராங்கொட்டைச் சாற்றால் இட்டது. பல வீட்டுத் துணி கலந்தாலும் எது யாருடையது என்று எழுத்தறியாதவரும் அதை வைத்துப் பிரித்தார்.

தோழர்களே, கருவியின் பெயரோடு அதைப் பிடித்த கையையும் தேடுவோம். நம் சேரிகளின் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். பிள்ளைப்பேற்றுத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்களிடமே போயின. கூலி பெரும்பாலும் வீடு வீடாக வாங்கிய சோறும், அறுப்பில் கொஞ்சம் தானியமும்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் அவர்கள் பகலில் வெளியே வரவே கூடாது என்றிருந்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' வெளியிட்டது. அம்பேத்கர் அதை எடுத்தாண்டார்.

பட்டியல் சாதியில் இருந்தும் சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அலைகிறார்கள். தனி நல வாரியம் 2009-ல்தான் வந்தது. ஒடுக்கப்பட்ட நாமும் இவர்களை ஒடுக்கினோம். இதை ஒப்புக்கொள்ளாமல் சாதி ஒழிப்பு பேச நமக்கு வாயில்லை.

அந்தப் பானையைப் பார்த்தால் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். நம் தெருவுக்கு வெளுத்த குடும்பம் எது, இப்போது எங்கே இருக்கிறது என்று பாட்டியிடம் கேளுங்கள்.