செக்ரோலும் கிளினிக் கொப்பியும்: கந்தப்பளை மலையில் வைத்தியம் வந்த வழி

மலைநாட்டில் ஓர் ஏழையின் பெயர் எந்தெந்தப் புத்தகங்களில் எழுதப்பட்டது என்று பார்த்தாலே அவருடைய வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். தோட்டத்தில் செக்ரோல். பஜாரில் கடைக்காரரின் கடன் கொப்பி. தேர்தல் காரியாலயத்தில் வாக்காளர் இடாப்பு. ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடு. கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து மக்களுக்கு முதல் இரண்டு புத்தகங்களிலும் பெயர் இலகுவாக ஏறியது. பின்னைய இரண்டிலும் ஏறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரையில் நான் கடைசிப் புத்தகத்தைப் பற்றியே பேசப்போகிறேன். ஆனால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அதைப் பேச முடியாது.

ஆஸ்பத்திரிப் பதிவேடு என்றதும் எனக்கு இப்னு ஜுபைர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அந்தப் பயணி 1184ஆம் ஆண்டு திமிஷ்கு நகரில் நூருத்தீன் ஸன்கீ கட்டிய பீமாரிஸ்தானைப் பார்த்தார். அது 1154இல் எழுந்த மருத்துவமனை. அங்கே இருந்த அலுவலர்கள் நோயாளிகளின் பெயர்களையும், அவரவர் மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவையும் ஏடுகளில் எழுதி வைத்திருந்ததை அவர் குறித்திருக்கிறார். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1284இல், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்ஸூரீ மருத்துவமனையின் வக்ஃபு ஏற்பாட்டில் ஆண் பெண், ஏழை பணக்காரர், ஊரவர் அந்நியர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் சிகிச்சை என்று விதிக்கப்பட்டது. இவை சுல்தான்கள் தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்றும் கட்டியவைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நோயாளி எவ்வளவு வேலை செய்வான் என்ற கேள்வி அந்த ஏட்டில் இல்லை. அவனுக்கு என்ன தேவை என்பதுதான் எழுதப்பட்டது.

நமது மலைகளுக்கு வைத்தியம் வந்த வழி வேறு. இங்கே முதலில் கேட்கப்பட்ட கேள்வி, ஆள் சாகாமல் வேலைக்கு வருவானா என்பதே.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலை ஏறினார்கள். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாக் காய்ச்சலும் பட்டினியும் வழி நெடுகிலும் ஆட்களைத் தின்றன. 1840களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எழுதி வைக்க ஏடு இருக்கவில்லை என்பதுதான் அந்த வேற்றுமைக்குக் காரணம். செக்ரோலில் பெயர் ஏறுவதற்கு முன் வழியில் விழுந்தவரை யார் கணக்கெடுப்பது?

முதல் சட்டம் 1872இல் வந்தது. வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் என்று அதைச் சொல்லலாம். தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்ட வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்கள் தலையில் போட்டார்கள். துரைமாருக்கு இது கசந்தது. நோய்ப்பட்ட ஆளைக் கடைசி மூச்சு வரை லயத்திலே வைத்திருந்துவிட்டு, இனி ஆகாது என்ற பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அப்படிப் போனவர்கள் அங்கே இறந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டான் என்ற பயம் லயங்களில் ஊறியது இப்படித்தான். அதை வெறும் அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. என் பார்வையில் அது அனுபவம். கண்ட சாவை வைத்து அந்த மக்கள் கணக்குப் போட்டார்கள்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தையும் சொல்ல வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1840களின் இறுதியில் வைத்தியக் கல்வியைத் தொடங்கி, பிறகு அதைத் தமிழிலேயே புகட்டினார். உடற்கூறு முதல் பிரசவ வைத்தியம் வரை மேல்நாட்டு நூல்களைத் தமிழாக்கினார். அலோபதியைத் தமிழில் படிக்கலாம் என்று காட்டிய முதல் இடம் நமது தீவு. அப்படியிருந்தும் தமிழ் மட்டுமே தெரிந்த லட்சக்கணக்கான தோட்டத்து மக்களுக்கு அந்தத் தமிழ் வைத்தியம் போய்ச் சேரவில்லை. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி வந்தபின் படிப்பு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறியது. இன்றைக்கும் மருந்துச் சீட்டை யாரிடமாவது காட்டி, 'இதில என்ன எழுதியிருக்கு?' என்று கேட்கும் நிலை அன்று தொடங்கியதுதான்.

1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும். ஆகவே நோய் மட்டுமல்லாமல் பிரசவமும் குழந்தையும் தோட்டத்தின் கணக்குக்குள் வந்தன. 1912இல் வைத்தியத் தேவைகள் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. தொழிலாளர் நோய்கள் பற்றி இன்னொரு கட்டளைச்சட்டமும் அதே வருஷம் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியும் டிஸ்பென்சரும் நிலைபெற்றது அதன் பிறகு. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவரின் பாதம் வழியாக ஏறும் புழு அது. இரத்தத்தைக் குடித்து ஆளைச் சோர வைக்கும். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கக்கூஸ் கட்டிக்கொடுக்கத் துரைமார் காட்டிய சுணக்கத்தால் புழு திரும்பவும் ஏறியது. பணம் செலவழியும் இடத்தில் வைத்தியம் நின்றுவிடும் என்ற பாடத்தை மலையகம் அன்றே படித்துவிட்டது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தபோது பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சட்டப்படி ஓய்வும் காசும் என்ற எண்ணமாவது ஏட்டில் ஏறியது.

நமது ஊருக்கு இரும்புப் பாதை வந்த கதையும் இதனோடு சேர்ந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சிறிய ரயில் 1904 அளவில் ஓடத் தொடங்கி 1948இல் நின்றுபோனது. ஆறாயிரம் அடிக்கு மேலே தேயிலைப் பெட்டியை இறக்குவதற்குப் பாதை போட முடிந்தது. நோயாளியைப் பொறுத்தவரை, தொங்கல் லயத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர அன்றும் பிறகும் கம்பளியில் தூளி கட்டித் தூக்கும் நான்கு தோள்களே வாகனம்.

இனி நமது சமூகம் இந்தக் கதையில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பஜாரில் இருக்கிறது. தோட்டப் பட்டினங்களில் முஸ்லிம் கடைகள் லயத்து மக்களின் இரண்டாவது டிஸ்பென்சரியாக இருந்தன என்று சொன்னால் மிகையில்லை. சுக்கு, கொத்தமல்லி, ஓமம், பெருங்காயம், கோடாலித் தைலம், பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு, எல்லாமே நானா கடையிலிருந்துதான் போகும். வாப்பாவின் கடன் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். அரிசி, மா, சீனிக்கு இடையில் சில பெயர்களுக்கு நேரே 'பிள்ளைக்குச் சுகமில்லை, கைக்காசு' என்று எழுதியிருக்கும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிப்பதற்குக் கொடுத்த காசு அது. இதை நாம் பெருமையாகச் சொல்லலாம். அதே கொப்பி சம்பள நாளில் அந்தக் குடும்பத்தின் கையைக் கட்டிப்போட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. சில வீடுகளில் தோடும் மூக்குத்தியும் கடைப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. கடன், தருமம் இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட காலம் அது.

சுதந்திரம் வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வந்த சட்டத்தின் பெயரையே நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள்: இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அந்தப் பெயரில் 'பாக்கிஸ்தானிய' என்ற சொல் சும்மா வரவில்லை. இந்தியாவிலிருந்து வந்து பஜார்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களும் லயத்து மக்களைப் போலவே மனு எழுதி, சாட்சி தேடி அலைந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஒருவர் அப்துல் அஸீஸ். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்து, பின்னர் 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தவர். பெரும்பான்மையாக இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான தொழிலாளர்கள் ஒரு முஸ்லிமைத் தலைவராக ஏற்றார்கள். நமது வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் போதாது.

பிரஜாவுரிமைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன தொடர்பு? தொடர்பு நேரானது. இலவச வைத்தியம் என்று உலகம் மெச்சிய இலங்கையின் சுகாதார சேவை கிராமங்களில் வேர்விட்டபோது, தோட்டங்கள் கம்பனியின் பொறுப்பு என்று வெளியே விடப்பட்டன. வாக்கு இல்லாதவருக்கு ஆஸ்பத்திரி கேட்க பாராளுமன்ற உறுப்பினர் இல்லை. தேசிய அளவில் சிசு மரணம் இறங்கிக்கொண்டே போக, தோட்டங்களில் அது நெடுங்காலம் மேலேயே நின்றது. 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் வந்தபோது அந்த இடைவெளி சாவாகவே தெரிந்தது. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மரவள்ளியும் கீரையும் தின்று பிழைத்ததை அவர்கள் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. தோட்ட நலன் பணிகளுக்கென்று ஒரு நம்பிக்கை நிதியம் உருவானது. 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. எல்லாவற்றையும் இன்றுவரை ஏற்கவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது. பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிய பிறகு ஆஸ்பத்திரியும் மெல்ல மெல்ல மலை ஏறத் தொடங்கியது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரியை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் திறந்தார். நுவரெலியா மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நெதர்லாந்து உதவியோடு புதிய கட்டடத் தொகுதி வந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. கம்பளித் தூளியை நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு, கைபேசியில் நான்கு இலக்கம் அழுத்தினால் வாகனம் வரும் என்பது சிறிய விஷயமல்ல. லயத்து வாசல் வரை அது வர ரோடு வேண்டும் என்பது வேறு கதை.

கட்டடத்தை விடப் பெரிய மாற்றமாக நான் நினைப்பது கிளினிக் கொப்பியை. கர்ப்பவதி ஒருத்தியின் பெயர், இரத்த வகை, எடை, முந்திய பிரசவங்கள், எல்லாம் எழுதிய கொப்பியோடு அவள் மருத்துவமாதுவிடம் வருகிறாள். லயத்தில் பிள்ளை பெறுவது ஏறக்குறைய மறைந்து, ஆஸ்பத்திரியில் பெறுவதே வழக்கமாகிவிட்டது. நூற்றைம்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவள் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்று கேட்காத ஒரு புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது. இப்னு ஜுபைர் கண்ட ஏட்டின் குணம் இதுதான்.

ஆனால் நம்பிக்கை என்பது ஒரே நாளில் உடையும். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி வந்து 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த நம்மவர்கள் எத்தனை பேர்! ஜனாஸா கிடைக்காது என்ற பயம். அன்றுதான் எனக்குக் கோப்பிக் காலத்து லயத்து மக்களின் பயம் முழுமையாக விளங்கியது. நோய்க்குப் பயந்து அவர்கள் விலகி நிற்கவில்லை. தங்களை மனிதராக மதிக்காத வாசலுக்குப் பயந்தே நின்றார்கள்.

இதிலிருந்து நமது ஜமாஅத்துகளுக்கு இரண்டு வேலைகள் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்று, நமது ஸக்காத்தும் ஸதகாவும் நோயாளியின் தேவையைப் பார்த்துப் போக வேண்டும், சமயத்தைப் பார்த்தல்ல. ஸதகாவுக்கு இதில் தடையே கிடையாது. ஸக்காத்தின் பங்கு பற்றி உலமாக்கள் வழிகாட்டட்டும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கிளினிக் போகும் லயத்துக் கிழவிக்கு பஸ் காசும், மருந்துச் சீட்டைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு படித்த பிள்ளையும் கிடைத்தால் அதுவே நமது பீமாரிஸ்தான். பெரிய கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஏடுகளைக் காப்பது. பழைய கடைகள் மூடப்படும்போது கடன் கொப்பிகள் அடுப்புக்குப் போகின்றன. டிஸ்பென்சரிகள் மூடப்படும்போது பதிவேடுகள் கரையானுக்குப் போகின்றன. ஓய்வுபெற்ற மருத்துவமாதுகள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள், காலமாகிறார்கள். பல்கலைக்கழகம் போன நமது பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். பள்ளிவாசல் அலுமாரியில் ஒரு தட்டை இந்தக் கொப்பிகளுக்கு ஒதுக்கட்டும். நாம் கொடுத்த கடனும், வாங்கிய வட்டியில்லாத துஆவும், சில வேளை பிடித்துவைத்த தோடும் அவற்றில் இருக்கும். மூன்றையும் மறைக்காமல் வாசிக்கும் தைரியத்தை அல்லாஹ் நமக்குத் தரட்டும்.