சாயும் சக்கரங்கள்: டிரையம்ஃப் பின்னச்சின் கதை

'நான்கு சக்கரங்களுக்கும் தனித்தியங்கும் சஸ்பென்ஷன்' என்ற தொடருக்கு 1960களின் கார் விளம்பரங்களில் ஏறத்தாழ ஒரு மந்திரத்தின் மதிப்பு இருந்தது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்போர், பழைய பின்னச்சைக் கழற்றிவிட்டு அந்த மந்திரத்தைக் குறைந்த செலவில் தம் வண்டிக்குள் ஏற்றிவிட இன்றும் முயல்கிறார்கள். தொழிற்சாலைகள் கஞ்சத்தனத்தால்தான் அதைத் தர மறுத்தன என்பது அவர்களிடையே பரவலான எண்ணம். ஆனால் கஞ்சத்தனத்தாலேயே அதைத் தந்த நிறுவனம் ஒன்றும் இருந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் அது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புக் கூடு இணைத்தது, நடுவே டிஃபரென்ஷியல். லாரிகளுக்கு அடியில் நாம் காணும் உருண்டையான கூடு அதுவே. இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலப்பக்கச் சக்கரமும் சாயும். கூட்டின் கனம் முழுவதும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கும். தனித்தியங்கும் முறையில் டிஃபரென்ஷியல் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு சக்கரமும் தன் பள்ளத்தைத் தானே சமாளிக்கிறது. அவ்வளவுதான் தத்துவம். அந்தச் சக்கரத்தை எந்தக் கோணத்தில் பிடித்து வைப்பது என்பதில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது.

1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. வடிவம் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டியுடையது. பொறியியல் ஹாரி வெப்ஸ்டரின் பொறுப்பு. கார்களுக்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டதால், ஒரே கூடாக வார்த்த உடலுக்கு வழியில்லாமல் போயிற்று. எனவே தனியாக ஒரு சட்டம் அமைத்து, அதன்மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாக முடுக்கினார்கள். பின்புறத்துக்கு அவர்கள் தேர்ந்தது ஸ்விங் ஆக்ஸில். ஊசல் அச்சு எனலாம். டிஃபரென்ஷியலின் இருபுறமும் ஒவ்வொரு மூட்டு. அதிலிருந்து சக்கரம்வரை ஓர் அரையச்சு. டிஃபரென்ஷியலின் தலைமேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங், வண்டியின் எடையைத் தாங்குவதோடு இரு சக்கரங்களையும் மேலிருந்து பிடித்துக்கொள்ளும் கையாகவும் பணிபுரிந்தது. தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷனை இதைவிடக் குறைந்த உறுப்புகளால் செய்ய இயலாது என்றே நினைக்கிறேன். சிக்கனத்தின் அழகு அதில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

கதவைப் போல ஒரு கீலில் ஆடும் அச்சில், சக்கரம் மேலும் கீழும் நகரும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வளைவொன்றில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. அச்சின் மூட்டோ அதற்கு மேலே. எனவே சக்கரத்தின் அடிப்பகுதி வண்டிக்கடியில் மடங்கப் பார்க்கிறது, வண்டியின் பின்புறம் எழும்புகிறது. இந்நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே பாய்ந்து, பின்புறம் மேலும் எழும்பும். டயரின் ஓரம் மட்டுமே சாலையில் நிற்க, வால்பகுதி சுழன்று முன்னே வந்துவிடும். எச்சரிக்கையுணர்வே விபத்தாக முடியும் விந்தை இது.

ஹெரால்டு மெதுவான குடும்பக் கார் என்பதால் பெரும்பாலானோர் இந்த எல்லையைத் தொட்டதில்லை. ஆனால் அதே சட்டத்தைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் வந்தது. (நிறுவனம் நொடித்து 1961இல் லேலண்டின் கைக்குப் போன பிறகு, தொழிற்சாலை மூலையில் தூசித்துணி மூடிக் கிடந்த மாதிரி வண்டியைப் புதிய நிர்வாகிகள் கண்டெடுத்ததால் பிழைத்த கார் அது.) 1966இல், முகப்பில் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சுமந்துகொண்டு ஜிடி6 வந்தது; பின்னே அதே ஊசல் அச்சு. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரால்ஃப் நேடரின் நூல் வெளியாகி, ஊசல் அச்சு கொண்ட ஷெவர்லே கோர்வேரை அமெரிக்காவெங்கும் பேசுபொருளாக்கியிருந்தது. அத்தகைய சூழலில் ஜிடி6ஐ அமெரிக்காவுக்கு அனுப்பியதைத் துணிச்சல் என்பதா, அலட்சியம் என்பதா? அலட்சியம் என்றே நான் சொல்வேன். பிழை எது என்று தெரிந்திருந்தது. திருத்தத்துக்கான செலவுதான் தள்ளிப் போடப்பட்டது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. நம்மவர்கள் வளைவுகளில் சீறவில்லை; மாறாக வண்டியை நிறைத்தார்கள். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் சாமானும் ஏறியதும் பின்சக்கரங்களின் மேல்விளிம்புகள் உள்நோக்கிச் சாய்ந்து, வண்டி காலை அகட்டி நின்றது. உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்தச் சாய்வு பிடிக்கவில்லை. 1972இல் வந்த கெஸல் காரில் ஊசல் அச்சு நீக்கப்பட்டு, பழைய ஒற்றைப் பின்னச்சு பொருத்தப்பட்டது. உலகம் ஒரு திசையில் போக, சென்னை எதிர்த்திசையில் போனது. அதைப் பிற்போக்கு என்று எழுதிவிடுவது எளிது. நம் சாலைகளுக்கும் சுமைகளுக்கும் அது பொருத்தமான விடையாகவே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க விற்பனையாளர்களும் ஒருமுறை இதையே செய்தார்கள், வேறு காரணத்துக்காக. 1965இல் டிரையம்ஃப் தன் பெரிய ஸ்போர்ட்ஸ் காரான டிஆர்4ஏ-வுக்குப் புதிய சட்டமும், சாய்கைகளும் காயில் ஸ்பிரிங்குகளும் கொண்ட முறையான தனித்தியங்கும் பின்புறமும் அளித்தது. விலை ஏறும் என்று அமெரிக்க விற்பனையாளர்கள் முணுமுணுக்கவே, அவர்களுக்காகப் பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றையச்சும் அதே புதிய சட்டத்தில் பொருத்தித் தரப்பட்டன. புதிய முறை கொண்டவற்றின் பின்புறத்தில் 'ஐஆர்எஸ்' என்ற எழுத்துகள் மின்னும். நம்மூரில் அவற்றைப் பார்ப்பவர் வருமானவரித் துறை என்றே எண்ணுவார்.

ஜிடி6க்குத் திருத்தம் 1968இல் வந்தது. கீழே ஒரு புதிய கை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அரையச்சின் நடுவே ரோட்டோஃப்ளெக்ஸ் என்னும் தடித்த ரப்பர் வளையம் நுழைந்தது. சக்கரம் இப்போது மேலும் கீழும் இரு கைகளுக்கிடையே நின்றது, மடங்கவில்லை. நல்ல தீர்வுதான், ஆனால் விலை கூடியது, ரப்பரும் நீண்டநாள் உழைப்பதில்லை. ஸ்பிட்ஃபயருக்கு 1970இல் கிடைத்த தீர்வு நேர்மாறானது. பட்டை ஸ்பிரிங்கின் அடிப்பட்டையை மட்டும் டிஃபரென்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளை ஒரு மூட்டின்மேல் தராசுக்கோல்போல ஆடவிட்டார்கள். எடையைத் தாங்கும்போது அவை விறைப்பாக நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது தாமும் சாய்ந்து, பின்புறத்தின் எதிர்ப்பைத் தளர்த்திவிடும். சாய்வைத் தடுக்கும் பொறுப்பு முன்புறத்துத் தடித்த கம்பிக்குப் போயிற்று. பின்சக்கரம் மடங்குவதற்கான தூண்டுதல் பெருமளவு மறைந்தது. புதிதாக ஒரு மூட்டு, தடித்த ஒரு கம்பி, வேறு ஏதுமில்லை. 1973இல் ஜிடி6ம் ரோட்டோஃப்ளெக்ஸைக் கைவிட்டு இதற்கே திரும்பியது. மலிவால் வந்த நோய்க்கு மலிவான மருந்தே கிட்டியது. பதினோரு ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதுதான் உறுத்துகிறது.

இன்று வீட்டுக் கொட்டகையில் வேலை செய்யும் ஆர்வலர் இந்த வரலாற்றை மீண்டும் நடத்திப் பார்க்கிறார். சிலர் நேரே ஜாகுவாரிடம் போகிறார்கள். ஒரு மாதத்துக்குள் தனித்தியங்கும் பின்புறம் ஒன்றை வடிவமைக்க முடியாது என்று வில்லியம் லயன்ஸ் பந்தயம் கட்ட, பொறியாளர் பாப் நைட் 27 நாளில் முடித்துக்காட்டினார் என்று ஜாகுவார் பற்றிய நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1961இன் ஈ-டைப்பில் வந்த அந்த அமைப்பு முழுவதும் ஓர் இரும்புக் கூண்டுக்குள் அடங்கிவிடும். துருப்பிடித்துக் காயலான்கடைக்குப் போன எக்ஸ்ஜே கார்களிலிருந்து கூண்டை அப்படியே இறக்கி வேறு வண்டியில் ஏற்றும் வழக்கம் அங்ஙனம் உருவானது. வாங்கும் விலை குறைவு. ஆனால் கூண்டு கனமானது, சிறிய காருக்கு அகலமும் மிகுதி. பிரேக் தட்டுகள் டிஃபரென்ஷியலை ஒட்டி இருப்பதால் அவற்றின் சூட்டில் ஆயில் சீல்கள் கருகுவதும் உண்டு. சீலை மாற்றக் கூண்டையே இறக்க வேண்டிவரும். ஸ்பிட்ஃபயருக்கு இது வேண்டாத ஆசை.

பழைய ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டோ வைத்திருப்பவருக்கு, பிந்தைய ஸ்பிட்ஃபயரின் ஆடும் ஸ்பிரிங்கே போதுமானது. ஆனால் அதனோடு முன்புறத்துத் தடித்த கம்பியையும் சேர்த்தே மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வோர் உண்டு. வண்டி வளைவில் படகாய்ச் சாய்கிறதே என்று பிறகு புலம்புவார்கள். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பின்சக்கரங்கள், வயிற்றுக்கடியில் காலை மடக்கிய கொக்கைப்போல உள்ளே மடங்கியே கிடக்கும். பதற வேண்டாம். சில அடி முன்னும் பின்னும் தள்ளினால் விரிந்து தம் இடத்துக்கு வந்துவிடும்.