எங்கே போச்சு அந்த விஷம்?

நிலத்தடி நீரில் கலந்த ரசாயனம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று எங்காவது அறிக்கை படித்தால் எனக்கு உடனே வரும் கேள்வி: சரி, அந்தப் பாதி எங்கே போச்சு? நுண்ணுயிர்கள் தின்றிருக்கலாம். மழைநீர் கலந்து நீர்த்திருக்கலாம். மண்ணில் ஒட்டியிருக்கலாம். அடுத்த தெருக் கிணற்றுப் பக்கம் நகர்ந்தும் போயிருக்கலாம். செறிவை மட்டும் அளந்தால் நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது என்றால் நிம்மதி. கடைசி என்றால் யாரோ அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பிரித்துச் சொல்லும் வழி மாசு ஆராய்ச்சியில் பிறக்கவில்லை, கல்லையும் கிளிஞ்சலையும் அளந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. இயற்கையில் உள்ள கார்பனில் சுமார் 98.9 சதவீதம் கார்பன்-12. மீதி 1.1 சதவீதம், ஒரு நியூட்ரான் கூடுதலான கார்பன்-13. இது கதிரியக்கத்தால் சிதைவதில்லை. அதனால்தான் 'நிலையான' ஐசோடோப்பு என்ற பெயர். கனமான அணு உள்ள பிணைப்பை உடைக்கக் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் வேண்டும். இப்படி ஐசோடோப்புகளின் வேதி நடத்தை மாறுபடுவதை ஹெரால்ட் யூரே 1947ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவரிடம் சிகாகோவில் பயின்ற ஹார்மன் கிரெய்க் 1957ல் கார்பனுக்கான அளவுகோலைச் சீராக்கினார். தென் கரோலினாவின் பீடீ பாறையடுக்கில் கிடைத்த பெலம்னைட் புதைபடிவம்தான் அந்த அளவுகோல். நம்ம கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம்! எல்லாரும் எடுத்து எடுத்து அந்தக் கல்லே தீர்ந்து போச்சு. இப்போது வேறு பொருள்களை வைத்து அதே அளவுகோலைக் காப்பாற்றி வருகிறார்கள்.

நுண்ணுயிர் விஷயத்துக்கு வருவோம். 1959ல் ரோசன்ஃபெல்டும் சில்வர்மேனும் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். மெத்தனாலைத் தின்ற பாக்டீரியாக்கள் வெளியிட்ட மீத்தேனில் கார்பன்-13 குறைவாக இருந்தது. அப்படியானால் தின்னாமல் மிஞ்சியதில் அது ஏறத்தானே வேண்டும்? கடலைப் பொட்டலத்தில் கடிபடாத கடலைகள் அடியில் சேருகிற மாதிரி. எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான்: பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாலும் கடிபடாத கடலையின் விகிதம் மாறாது, தின்றால்தான் மாறும். தண்ணீர் சேர்ந்து நீர்த்தாலும் அப்படித்தான். விகிதம் எவ்வளவு ஏறியது என்பதை வைத்து எவ்வளவு தின்னப்பட்டது என்று கணக்கிட, வாயுக்களைப் பிரிப்பதற்காக ராலே 1896ல் எழுதிய சமன்பாடு உதவுகிறது.

ஆனாலும் இது மாசுக் கிணறுகளுக்கு வர 40 வருஷம் ஆச்சு. காரணம் கருவி. பத்து ரசாயனம் கலந்த நீரில் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, எரித்து, அளப்பது பெரும்பாடு. 1978ல் மேத்யூஸும் ஹேய்ஸும் வாயுப் பகுப்புக் கருவியிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு சேர்மத்தையும் அப்படியே எரித்து நிறமாலைமானிக்குள் அனுப்பும் வழியைக் காட்டினார்கள். அது பரவிய பிறகு, 1999ல் டேனியல் ஹன்கெலர் குழு டிரை கிளீனிங் கரைப்பானான டெட்ராகுளோரோஎத்திலீனிலும், ரெய்னர் மெக்கன்ஸ்டாக் குழு டொலுயீனிலும் நுண்ணுயிர் விட்ட தடத்தை அளந்தார்கள். 2001ல் பார்பரா ஷெர்வுட் லோலர் குழு டெலவேரின் டோவர் விமானப்படைத் தளத்தில், நிலத்தடி நீரிலேயே அந்தச் சிதைவு நடப்பதற்கு ஆதாரம் காட்டியது. 2008ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கென்று ஒரு கையேடே போட்டது.

ஒரு எச்சரிக்கை: தின்னப்பட்டது என்றாலே நல்ல செய்தி இல்லை. இந்தக் குளோரின் கரைப்பான்கள் படிப்படியாகத்தான் உடையும். நடுவில் வரும் வினைல் குளோரைடு புற்றுநோய் தரக்கூடியது. சிதைவு அங்கேயே நின்றுவிட்டால் முன்னைவிட மோசம். அதனால் அடுத்தடுத்த பொருள்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகத் தடம் மங்கும். நாப்தலீன், அதாவது நம்ம அந்துருண்டை, 10 கார்பன் கொண்டது. வினை நடப்பது ஒன்றிரண்டு கார்பனில்தான்; மற்றவை சராசரியை அமுக்கிவிடும். அதோடு, தின்றது யார் என்றும் இந்த முறை சொல்லாது.

அதற்கு வேறு வழி பிடித்தார்கள்: கார்பன்-13 ஏற்றிய உணவை வேண்டுமென்றே ஊட்டுவது. தின்றவரின் டிஎன்ஏ கனமாகும். சீசியம் குளோரைடு கரைசலில் வேகமாகச் சுழற்றினால் அது தனிப் பட்டையாகப் பிரியும். 1958ல் மெசல்சனும் ஸ்டாலும் நைட்ரஜன்-15ஐ வைத்து டிஎன்ஏ இரட்டிப்பை நிரூபித்த அதே உத்தி. 2000ல் கோலின் மரலின் குழு இதைக் காட்டு மண்ணில் செய்து காட்டியது. ஊட்டியது, பழையபடி, மெத்தனால்!

நியூயார்க் மாநிலத்தின் சவுத் கிளென்ஸ் ஃபால்ஸில் 1960களில் புதைத்த நிலக்கரித் தார், நிலத்தடி நீரில் நாப்தலீனைக் கசியவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் யூஜின் மேட்சன் குழு அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று 1991லேயே எழுதிவிட்டது. ஆனால் யார்? 2003ல் அந்த இடத்து மண்ணிலேயே கார்பன்-13 நாப்தலீனைப் போட்டார்கள். கனமான கார்பன் டை ஆக்சைடு வந்தது. கனமான டிஎன்ஏவும் சிக்கியது. அது காட்டியது போலரோமோனாஸ் இனத்து பாக்டீரியா ஒன்றை. பிறகு அதையே தனியாக வளர்த்தும் காட்டினார்கள். நாப்தலீன் தின்னும் பாக்டீரியா என்றாலே சூடோமோனாஸ் என்றுதான் அதுவரை ஆய்வுக்கூடங்களில் பேச்சு.

2007ல் வந்த விவரம் இன்னும் சுவாரசியம். இந்த பாக்டீரியாவுக்கு நாப்தலீன் கொஞ்சமாகக் கிடைத்தால் உணவு, அதிகமாகக் கொட்டினால் விஷம். ஆய்வுக்கூடத் தட்டில் நாப்தலீனைத் தாராளமாகப் போட்டுத் தேடியவர்கள் கண்ணில் அது படாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்ன?