எண் சொல்லும் வரலாறு

அரியதொரு மோட்டார் வண்டி எத்தனை செய்யப்பட்டது என்பதைப் படங்களைக் கொண்டு எண்ணப் புகுந்தால் நாம் ஏமாந்து போவோம். பிரெஞ்சு நாட்டில் எட்டோரே புகாட்டி உருவாக்கிய 'ரோயல்' வண்டியே இதற்குச் சான்று. மன்னர்களை மனத்திற்கொண்டு அவர் திட்டமிட்டவை 25. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் முடிந்தவை 6. வெளியார் வாங்கியவை 3. மிகுந்த எஞ்சின்கள் இரயில் வண்டிகளுக்குப் போயின.

ஆயினும் படங்களில் நாம் காணும் உருவங்கள் ஆறினும் மிகுதி. அடிச்சட்டம் நிலைத்திருக்க, மேற்கூடு மாறியதே காரணம். 1932இல் அர்மான் எஸ்டேர், இரவில் ஓட்டுவதில்லை என்று முன்விளக்கின்றி வாங்கிய வண்டி, பின்னர் வேறு மேற்கூடு பெற்றது. மறைந்த முதற்கூட்டின் நகலொன்று முலூஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனையும் எண்ணினால் வரலாறு பொய்த்துவிடும். தோற்றம் மயக்கும், சட்டத்தில் பொறித்த எண்ணே மெய் கூறும். அதனையே நாம் முதலில் நாடுதல் வேண்டும்.