களைக்கொல்லி அடித்தவுடன் விதை போடலாமா?

புல் மேல் மருந்து அடித்தாச்சு. சில நாளில் எல்லாம் மஞ்சளாகிக் காய்ந்துபோச்சு. இனி விதை போட வேண்டியதுதான் என்று நினைக்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். மேலே களை சாகும்போது, மண்ணுக்குள் பூஞ்சைகளுக்கு விருந்து நடக்கிறது.

களை எப்படிச் சாகிறது?

உலகில் அதிகம் பயன்படும் களைக்கொல்லி கிளைபோசேட். 1974இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. செடிக்குள் இருக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடும். அதனால் செடியால் 3 முக்கிய அமினோ அமிலங்களைத் தயாரிக்க முடியாது. வளர்ச்சி நின்றுவிடும்.

அதோடு முடிவதில்லை. நோயை எதிர்க்கச் செடி சுரக்கும் பல பொருள்களும் அதே வழியில்தான் உருவாகின்றன. அந்த வழி அடைபட்டால் வேருக்குக் காவல் இல்லை. மண்ணில் இருக்கும் பித்தியம், ஃபியுசேரியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் சுலபமாக உள்ளே நுழைந்துவிடும்.

கனடாவில் நடந்து, 1984இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. கிருமி நீக்கிய மண்ணில் வளர்ந்த பீன்ஸ் நாற்றுகள், கிளைபோசேட் பட்டும் எளிதில் சாகவில்லை. பித்தியமும் ஃபியுசேரியமும் இருந்த மண்ணிலோ வேர் அழுகிச் செத்தன. மருந்து பாதி வேலை செய்தது. மீதியைக் கிருமிகள் செய்தன.

'பச்சைப் பாலம்' என்றால் என்ன?

சாகும் களையின் வேரில் கிருமிகள் பெருகும். அங்கே சாப்பாடு தீர்ந்ததும் அடுத்த வேரைத் தேடும். அந்த நேரம் பார்த்து உங்கள் பயிர் முளைத்தால், நோய் களையிலிருந்து பயிருக்குத் தாவிவிடும். இதைத்தான் விவசாய ஆய்வாளர்கள் 'பச்சைப் பாலம்' என்கிறார்கள்.

அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், நிலத்தை உழாமல் பார்லி விதைக்கும் விவசாயிகளுக்கு இது பெரிய தலைவலி. 1992இல் வெளியான ஆய்வின்படி, மருந்தடித்த சில நாளிலேயே விதைத்த பார்லியில் ரைசோக்டோனியா வேர் நோய் கடுமையாக இருந்தது. 2, 3 வாரம் காத்திருந்து விதைத்தபோது நோய் குறைந்தது, விளைச்சல் கூடியது.

அப்படியென்றால் மருந்தே கூடாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. களையை அப்படியே விட்டால் அதுவும் கிருமிகளுக்கு வீடாகலாம். சில மருந்துகள் நோயைக் குறைப்பதும் உண்டு. சோயா வயலில் அடிக்கும் லாக்டோஃபென் இலையைக் கொஞ்சம் கருக்கிவிடும். அந்தக் காயத்தால் செடி தற்காப்புப் பொருள்களைச் சுரப்பதால், வெண்பூஞ்சை நோய் குறையலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- மருந்துப் புட்டியில் உள்ள குறிப்பைப் படியுங்கள். விதைக்கும் முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.
- களை முழுதாகக் காய்ந்து மட்கும்வரை பொறுங்கள். 2, 3 வாரம் இடைவெளி விடுவது நல்லது.
- வீட்டுத் தோட்டம், பூந்தொட்டி என்றால் மருந்தே தேவையில்லை. களையை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

புல் காய்ந்துவிட்டது என்பதற்காக மண் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை.